தாத்தா வாங்கித் தந்த காலணி: ஊதியம் வாங்காத பயிற்றுநர்களும் நம் பிள்ளைகளும்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில், ஓர் இலக்கிய அமைப்பின் மேடையில், விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி எங்களுக்குள்ளேயே எழுந்தது. நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். கோயில் நுழைவு, தன்வரலாறு, கவிதை, சட்டம் எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். ஆனால் நம் சேரிகளிலும் காலனிகளிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை இந்த மேடை இதுவரை பேசவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறோம்.

ஐந்து மணிக்கு மேல் ஒருவர் வருவார். பகலெல்லாம் சாரத்தில் நின்று கலவை பூசிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வருகிற கொத்தனாராக இருக்கலாம். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வருகிறவராக, நகராட்சித் துப்புரவுப் பணி முடிந்து குளித்துவிட்டு வருகிறவராக, வேலை கிடைக்காத பட்டதாரியாக இருக்கலாம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கண்மாய் உள்வாயிலோ, களத்துமேட்டிலோ, ரயில்வே சுவரோரமோ சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். பிள்ளைகள் அவரை ‘அண்ணே’ என்பார்கள். சென்னைப் பக்கம் ‘மாஸ்டர்’ என்பார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. அவரிடம் விளையாடக் கற்ற பிள்ளைகளில் பலர் இன்று காவல்துறையில், ரயில்வேயில், பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். இந்த அவையிலும் சிலர் இருக்கிறீர்கள்.

அந்த மனிதரைப் பற்றியது இந்த உரை. அவர் விட்டுச்செல்வது என்ன, அதை யாராலும் பறிக்க முடியாதது ஏன், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன என்ற மூன்றையும் பேச நினைக்கிறோம்.

முதலில், பயிற்றுநரே இல்லாமல் விளையாட வந்த ஒருவரிலிருந்து தொடங்குவோம். பல்வங்கர் பாலூ, தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் மாதம் சில ரூபாய் கூலிக்கு அமர்த்தப்பட்டார். வெள்ளையர்கள் மட்டையடித்துப் பழக அவர் மணிக்கணக்கில் பந்து வீசினார். கிரேக் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்குப் பயிற்சி தருவதற்காகவே அவரைப் பந்து வீச வைத்தார்கள். மட்டை அவர் கைக்கு வருவது அபூர்வம். அதாவது, பிறர் பழகுவதற்கான கருவியாக அவர் இருந்தார். அவரைப் பழக்க ஒருவர் இல்லை. வீசி வீசியே தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டார். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகும், இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை.

ஆனால் பாலூவுக்கு மூன்று தம்பிகள் இருந்தார்கள். சிவராம், கண்பத், விட்டல் மூவரும் அண்ணனைப் பார்த்தே ஆட வந்தார்கள். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் தம்பி போய் நின்றார். பிற்காலத்தில் பாலூவுக்கும் அண்ணலுக்கும் அரசியலில் வழி பிரிந்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலூவை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது, அண்ணல் வென்றார். அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முன்னே போன ஒருவர் திரும்பிப் பார்த்துக் கைகொடுத்தால், பின்னே வருகிறவர் அவரையும் தாண்டிப் போகிறார்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்றொரு சிற்றூர். செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு தலித் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் சாந்தி. பெற்றோர் சூளைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவருடைய தாத்தா நன்றாக ஓடக்கூடியவர். பேத்திக்குப் பதின்மூன்று வயதானபோது, குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் அவளை ஓடப் பழக்கினார். ஒரு ஜோடி காலணியும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தாத்தா எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, பயிற்சிச் சான்றிதழ் பெற்றவரும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு ஜோடி காலணிக்கு ஆகும் காசு எத்தனை வேளைக் கஞ்சி என்று இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் பிள்ளை ஓடுவதற்காக அந்தக் காசைச் செலவிட்ட மனிதர் அவர். நம் பார்வையில் அவர்தான் சாந்தியின் முதல் பயிற்றுநர்.

எட்டாம் வகுப்பில் சாந்தி முதல் கோப்பையை வென்றார். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்றுநர் அவர் ஓட்டத்தைக் கவனித்துத் தம் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கட்டணத்தைப் பள்ளியே ஏற்றது. சீருடை கிடைத்தது, மதியம் சூடான சோறு கிடைத்தது. மூன்று வேளையும் சாப்பிட்டது வாழ்க்கையில் அப்போதுதான் முதல் தடவை. பயிற்சி என்றால் ஓடச் சொல்லிக்கொடுப்பது மட்டும் இல்லை, ஓடுகிற பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்பதும் அதில் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி வெள்ளி வென்றார். அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் உடலைச் சோதித்தார்கள். முடிவு அவருடைய அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டியது. அது உலகச் செய்தியானது. பதக்கம் பறிக்கப்பட்டது, ஓடும் உரிமையும் போயிற்று. ஊக்கமருந்து உட்கொண்டார் என்றோ, யாரையாவது ஏமாற்றினார் என்றோ எந்தக் குற்றச்சாட்டும் கிடையாது. பிறந்த உடலோடு ஓடியது ஒன்றே குற்றம். பிற்பாடு ஒடிசாவின் தூத்தி சந்த் இதே போன்ற விதியை எதிர்த்து வழக்காடி, 2015இல் ஓடும் உரிமையை மீட்டார். அவருக்கு வழக்கறிஞர்களும் அமைப்புகளும் துணை நின்றார்கள். 2006இல் சூளைக் குடும்பத்துப் பெண்ணுக்காக வழக்காட யாரும் வரவில்லை. நாமும்தான் போகவில்லை. அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றைய முதல்வர் கலைஞர், பதக்கம் பறிபோன பிறகும், 15 லட்சம் ரூபாய்ப் பரிசை சாந்திக்கு வழங்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை போய் மீண்ட அந்தப் பெண், அடுத்து என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். புதுக்கோட்டையில் பிள்ளைகளைக் கூட்டி ஓட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தன்னைப் போலவே குடிசைகளிலிருந்து வந்த பிள்ளைகள். 2009 வாக்கில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றார்கள். அவர் மாணவர்கள் சென்னை மாரத்தானில் ஓடிப் பரிசு வாங்கினார்கள். தான் ஓடக்கூடாது என்று சொல்லப்பட்டவர், ஓடக்கூடிய பிள்ளைகளை உருவாக்கினார்.

தோழர்களே, பறித்தவர்களால் எதைப் பறிக்க முடிந்தது? ஓர் உலோகத் தகட்டை, பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை. தாத்தா மண்தரையில் கற்றுக்கொடுத்தது அவர்கள் கைக்கு எட்டவில்லை. மூச்சை எப்படிச் சேமிப்பது, முதல் சுற்றில் எவ்வளவு அடங்கி ஓடுவது, கடைசி இருநூறு மீட்டரில் எப்போது விசையைக் கூட்டுவது என்ற அறிவு சாந்தியின் உடலில் இருந்தது. அங்கிருந்து அது புதுக்கோட்டைப் பிள்ளைகளின் உடலுக்குப் போய்விட்டது. ஊதியம் வாங்காத பயிற்றுநர் விட்டுச்செல்லும் சொத்து அதுதான். அதற்குப் பட்டா கிடையாது, ஆகவே அபகரிக்கவும் ஆளில்லை.

இனி, இந்தப் பயிற்றுநர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசில் ஊதுவது மட்டும் தெரியும். உள்ளே இருப்பது வேறு. வயதுச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவது அவர். போட்டிக்குப் போகப் பேருந்துக் கட்டணம் திரட்டுவது அவர். பருவமெய்திய பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டால், அவள் அம்மாவிடம் நாலு நாள் போய்ப் பேசித் திரும்ப அழைத்து வருவதும் அவர். குடிக்கிற அப்பன் கைநீட்டினால் குறுக்கே நிற்பதும் அவரேதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஊர்த் திருவிழாப் போட்டியில் வாங்கிய ஆளுயரக் கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டியில், உரிய படிவத்தில் வாங்கிய சான்றிதழ் மட்டுமே செல்லும். எந்தப் போட்டி கணக்கில் வரும், எது வராது, யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விவரம் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு அரசுச் சம்பளம் வரும். தெரியாவிட்டால் கூரைக்கடியில் கோப்பைகள் துருப்பிடிக்கும். வாய்ப்பு சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளையின் கையில் கொண்டுவந்து சேர்க்க ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு வாருங்கள். நகரத்தின் உள்ளிருந்து அகற்றப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். வேலையும் பள்ளியும் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்று மக்கள் அல்லாடிய ஊர். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்ற நிலை இருந்தது. அங்கே பெண் பிள்ளைகள் கபடி கற்றார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். தங்கம் வந்த பிறகு ஊரே மேளதாளத்தோடு போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தினமும் காலையிலும் மாலையிலும் அந்தப் பிள்ளைகளோடு நின்றவர்களை எத்தனை பேர் பார்த்தோம்?

விளையாட்டில் சாதி இல்லை என்பார்கள். நமக்கு அந்த மயக்கம் கூடாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். நாட்டுக்காக ஆடுகிற பெண்ணின் வீட்டு வாசலில்! 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் எதிரணி தோற்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

கபடி என்பது என்ன? பாடிப் போகிறவன் எதிராளியைத் தொட்டாக வேண்டும்; எதிராளி அவனைப் பிடித்தாக வேண்டும். தொடாமல் அந்த ஆட்டமே கிடையாது. தீண்டாமையைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தால்தான் அதை ஆட முடியும். ஆட்டம் முடிந்து கோட்டைத் தாண்டியதும் அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். இது தெரிந்தும் பிள்ளைகளை ஆட அழைத்துப் போகிறவர் நம் பயிற்றுநர். வெற்றியைக் கொண்டாடுகிற நேரத்திலும், இருட்டுவதற்குள் பிள்ளைகளை எந்த வழியாக வீடு சேர்ப்பது என்று யோசிக்கிறவர். வேறு எந்தப் பயிற்றுநருக்கும் இந்தப் பாடத்திட்டம் இல்லை.

இதுவரை அவர்களைப் புகழ்ந்தோம். இனி ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். தியாகம் என்ற சொல்லைக் கேட்டால் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காலங்காலமாக நம்மிடம் கூலியில்லாமல் வேலை வாங்கியவர்கள் அதற்கு அழகான பெயர்கள் வைத்திருந்தார்கள். வெட்டிவேலைக்குக் கடமை என்று பெயர், பறையடிப்பதற்கு முறை என்று பெயர். இன்று ஊதியமில்லாப் பயிற்சிக்குச் சேவை என்று பெயர் சூட்டி, மாலை போட்டு அனுப்பிவிட்டால் கணக்கு தீராது.

மறுபடி சாந்தியையே பாருங்கள். மாவட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநர் வேலை பார்த்தார். நிரந்தரம் இல்லை, கிடைத்த தொகை வாழப் போதவில்லை. 2012இல் அவர் பெற்றோரோடு செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்ற படத்தை நாடு பார்த்தது. ஆசியாவில் இரண்டாவதாக ஓடிவந்த கால்கள் சூளை மண்ணை மிதித்தன. அவர் சூளைக்குத் திரும்பியபோது அவரிடம் பயின்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்னர் பெங்களூரில் முறைப்படி பயிற்றுநர் பட்டயப் படிப்பு முடித்தார். 2016இல்தான் தமிழக அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்றுநர் பணி வழங்கியது. தோஹாவிலிருந்து கணக்கிட்டால் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் அவரிடம் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே ஊதியம் வாங்காத பயிற்றுநரைப் போற்றுவதும், அவருக்கு ஊதியம் கேட்பதும் ஒரே வேலை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் நாம் அவரை ஏமாற்றுகிறோம்.

சில வேலைகளை இந்த அவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, மைதானம். நம் பிள்ளைகள் ஆடும் இடம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத புறம்போக்கு. நாளை ஒரு வேலி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. உங்கள் தெருவின் விளையாட்டிடம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, வருவாய்ப் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விளையாட்டுத் திடல் என்று பதிவு செய்யச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பொதுத்திடல் இருந்தும் நம் பிள்ளைகளை விடவில்லையென்றால், அது வெறும் தகராறு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

இரண்டாவது, நம் அணிகளுக்குள்ளேயே பார்ப்பது. நம் தெரு அணியில் அருந்ததியர் தெருப் பிள்ளைக்கு இடமுண்டா? பெண் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் திடலை விடுகிறோம்? பெண்களுக்குப் பெண் பயிற்றுநர்களை ஏன் உருவாக்கவில்லை? அவர்கள் பாதுகாப்பாக ஆட, உடை மாற்ற ஓர் அறையாவது உண்டா? ஊர்க்காரரிடம் கேட்கிற கேள்வியை நம்மிடமும் கேட்டால்தான் நம் கேள்விக்கு வலிமை வரும். பயிற்றுநர் நல்லவர் என்ற நம்பிக்கையோடு விட்டுவிடாமல், பெற்றோரும் மூத்த மாணவிகளும் திடலுக்கு வந்து உட்காருங்கள். நல்ல பயிற்றுநர் அதை வரவேற்பார்.

மூன்றாவது, படித்தவர்களின் கடமை. கல்லூரி மாணவர்களே, வாரத்தில் ஒரு மாலை போதும். விளையாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சான்றிதழ்ப் படிவங்களைப் படித்துச் சொல்லுங்கள், அறிவிப்புகளைத் தேடிக் கொடுங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தைப் பாருங்கள். அண்ணன் விசில் ஊதட்டும், நீங்கள் காகித வேலையைப் பாருங்கள்.

நான்காவது, எழுத்து. இது நம் தொழில். நம் இலக்கியம் அவமானத்தை எழுதியிருக்கிறது, பசியை எழுதியிருக்கிறது, எதிர்ப்பை எழுதியிருக்கிறது. பள்ளியில் ஒதுக்கிய ஆசிரியரையும், கைதூக்கிவிட்ட ஆசிரியரையும் எழுதியிருக்கிறோம். திடலில் நின்ற அண்ணனைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. நம் உடலை உழைப்புக்கும் அடிக்கும் உரியதாகவே நாமும் பெரும்பாலும் எழுதிவிட்டோம். அந்த உடல் ஆடியது, ஓடியது, பறந்தது. யாருக்கும் வேலை செய்யாமல் தனக்காகவே வியர்த்த ஒரு மணிநேரம் அதற்கு இருந்தது. அந்த ஒரு மணிநேரத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அவர் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு தொடங்கினார், யாரிடம் கற்றார், யார் யார் அவரிடம் கற்றார்கள் என்று எழுதிவையுங்கள். சான்றிதழ்களில் பிள்ளையின் பெயரும் சங்கச் செயலாளரின் கையெழுத்தும் இருக்கும். பயிற்றுநரின் பெயருக்கு அங்கே இடமில்லை. அந்த இடத்தை நம் எழுத்துதான் தர வேண்டும்.

சாந்தியின் தாத்தாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். ஓடக்கூடியவர், பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார், காலணி வாங்கித் தந்தார். அவ்வளவுதான். அவர் எங்கே ஓடினார், யாரோடு ஓடினார், அவரை ஓட விட்டார்களா, ஒரு பரிசாவது வாங்கினாரா என்பதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலணியும் எப்போதோ தேய்ந்துபோயிருக்கும். புதுக்கோட்டைத் திடலில் இன்று காலையிலும் பிள்ளைகள் ஓடியிருப்பார்கள். அவர்களுக்கு அந்தத் தாத்தாவைத் தெரியாது.

தெரியச் செய்வது நம் வேலை. இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் தெருத் திடல் வழியாகப் போங்கள். விசில் சத்தம் கேட்டால் நில்லுங்கள். அவரிடம் போய், ‘அண்ணே, நாங்கள் என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள்.